சீட்டு எண் 23

ஒன்பதாவது முறையாக எழுதிய சீட்டுடன் அந்த நாவல் சென்ற சனிக்கிழமை எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்குப் போயிருக்கிறது. எட்டு முறை தோற்ற கதை பின்னால் இருப்பதால் இதை வெற்றி என்று சொல்லத் துணிவில்லை. ஆனாலும் எழுதி வைக்காவிட்டால் பத்தாவது முறை இதே தவறுகளையே மறுபடி செய்வேன் என்பதால் எழுதுகிறேன்.

ஏழு மாதங்களாக என் வீட்டு வாசலில் உள்ள மர அலமாரியில் நாற்பத்தொரு புத்தகங்களை இரவல் கொடுக்க வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் துப்பறியும் நாவல்கள். ஒவ்வொன்றிலும், 'இதை ஏன் நீங்கள் படிக்க வேண்டும்' என்று ஐந்து வரிக்கு மிகாமல் என் கையெழுத்தில் ஒரு சீட்டு இருக்கும். சமூக நாவலுக்கோ பயண நூலுக்கோ அப்படி ஐந்து வரி எழுதுவது காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை. துப்பறியும் நாவலுக்கு எழுதுவது வேறு தொழில் என்பதை இருபத்து மூன்றாம் எண்ணுள்ள புத்தகம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அந்த நாவலின் பெயரையோ ஆசிரியரின் பெயரையோ வெளிவந்த ஆண்டையோ இங்கே சொல்லப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். ஆங்கில நாவல், நூறு ஆண்டுக்குள் வந்தது, நானே முதல் தடவை படித்தபோது இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டேன் என்ற மூன்று செய்திகள் போதும்.

முதல் சீட்டில், 'முடிவில் தூக்கிவாரிப் போடும்' என்று எழுதியிருந்தேன். முதல் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி நான்கு நாளில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். "கதை நல்ல கதைதான், சார். ஆனால் தூக்கிவாரிப் போடும் என்று நீங்கள் எழுதிவிட்டதால், யார் கொலையாளியாக இருந்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடும் என்று மட்டும்தான் யோசித்துக்கொண்டு படித்தேன். ஐம்பதாம் பக்கத்திலேயே பிடிபட்டுவிட்டது" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதனால்தான் அதிகமாக உறைத்தது. திருப்பம் என்னவென்று சொல்வது மட்டும் குற்றமல்ல, திருப்பம் உண்டு என்று சொல்வதும் குற்றம்தான் என்பதை இத்தனை ஆண்டுகள் படித்தும் நான் உணர்ந்திருக்கவில்லை.

இரண்டாம் சீட்டில் முடிவைப் பற்றி மூச்சு விடாமல், பாத்திரங்களை மட்டும் அறிமுகப்படுத்தினேன். அதிலும் ஒரு கண்ணி இருந்தது. சந்தேகத்துக்குரியவர்கள் எட்டுப் பேர் என்றால், ஐந்து வரிக்குள் எட்டுப் பேரையும் அடைக்க முடியாது. நான்கு பேரைச் சொன்னால், சொல்லாமல் விட்ட நான்கு பேரில் ஒருவர்தான் ஆள் என்று தேர்ந்த வாசகர் கணக்குப் போடுகிறார். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளில் முதலாவது, குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே குறிப்பிடப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதாகும். எழுத்தாளரைக் கட்டுப்படுத்த வந்த விதி பரிந்துரைப்பவனின் கையையும் கட்டிப் போடுகிறது: தொடக்கத்தில் வருகிற யாரைப் பற்றியும், சற்றுக் கூடுதலாகவோ சற்றுக் குறைவாகவோ பேசினால் போதும், காட்டிக்கொடுத்தாயிற்று. இப்போதெல்லாம் இறந்தவரையும் துப்பறிபவரையும் தவிர வேறு யாரையும் சீட்டில் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

மூன்றாவதிலிருந்து ஆறாவது வரை நடந்தவை எல்லாம் சொல்லாட்சியோடு போட்ட சண்டை. 'வித்தியாசமான கதை' என்றால் எதில் வித்தியாசம் என்று தேடுகிறார்கள். 'கவனமாகப் படியுங்கள்' என்றால் வரிக்கு வரி பென்சிலால் கோடு போடுகிறார்கள். 'இருமுறை படிக்கத் தக்கது' என்று எழுதியதில் எனக்கு மிகுந்த பெருமை இருந்தது. அதைப் படித்த கல்லூரி மாணவர் ஒருவர், "அப்படியானால் முதல் முறை என்னை ஏமாற்றப் போகிறது" என்று அலமாரி அருகிலேயே நின்று சொல்லிவிட்டார். ஏழாவதாக, ஒன்றுமே எழுதாத வெற்றுச் சீட்டை வைத்துப் பார்த்தேன். நாற்பது புத்தகத்தில் எழுதிய சீட்டு இருக்க இதில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார்கள். வெறுமையும் பேசுகிறது.

இந்தத் தொல்லையிலிருந்து பிறந்ததுதான் நான் கடைப்பிடிக்கும் பத்தில் ஒரு பங்குக் கணக்கு. இருநூற்று நாற்பது பக்க நாவல் என்றால் முதல் இருபத்து நான்கு பக்கங்களுக்குள் நடப்பதை மட்டுமே சீட்டில் சொல்லலாம். இருபத்தைந்தாம் பக்கத்தில் பூகம்பமே வந்தாலும் வாய் திறக்கக் கூடாது. இது பல நாவல்களுக்கு அழகாகப் பொருந்துகிறது. ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' நாவலில் கொலை முதல் அத்தியாயத்திலேயே நம் கண்முன் நடக்கிறது: தொல்லை கொடுக்கும் முன்னாள் கணவனை ஒரு பெண் கொன்றுவிடுகிறாள், அடுத்த வீட்டுக் கணித ஆசிரியர் அதை மறைக்க முன்வருகிறார். கொலையாளி யார் என்பதையே சீட்டில் எழுதலாம் என்கிற சலுகையை எனக்குக் கொடுத்த புத்தகம் அது. யார் என்ற கேள்வியைக் கைவிட்டுவிட்டு, எப்படி மறைத்தார்கள் என்ற கேள்வியின் பின்னால் ஓட வைக்கும் கதை என்பதால், 'எனக்குத் துப்பறியும் கதை ஒத்துவராது' என்று சொல்பவர்களிடம் முதலில் இதைத்தான் நீட்டுகிறேன்.

வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' (1868) அந்தக் கணக்கை உடைத்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை வீழ்ந்தபோது கொள்ளை போன ஒரு வைரம் அரை நூற்றாண்டுக்குப் பிறகு இங்கிலாந்தில் ஓர் இளம்பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்து, அன்றிரவே காணாமல் போகிறது. ஆனால் காலின்ஸ் அவசரமே படாதவர். பத்தில் ஒரு பங்கைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் வைரம் தொலைகிறது. என் விதிப்படி, வைரத் திருட்டுக் கதை என்பதையே சொல்லக் கூடாது! வேறு வழியில்லாமல் விலக்கு அளித்தேன். அந்த நாவலின் உண்மையான சுவை திருட்டில் இல்லை, அதை மாறி மாறிச் சொல்லும் மனிதர்களில் இருக்கிறது. எந்தச் சிக்கல் வந்தாலும் 'ராபின்சன் குரூசோ'வைப் பிரித்துக் குறி பார்க்கும் கிழட்டுக் காரியஸ்தர் பெட்டரிட்ஜ் ஒருவருக்காகவே அந்தக் கனத்த புத்தகத்தைச் சுமக்கலாம். விசாரிக்க வரும் சார்ஜென்ட் கஃப்புக்கு ரோஜாத் தோட்டத்தின் மேல்தான் கண். இவர்கள் இருவரை மட்டும் சீட்டில் வைத்தேன். இதுவரை மூன்று பேர் எடுத்துப் போயிருக்கிறார்கள், ஒருவர் முடித்திருக்கிறார்.

முழு வெற்றி என்று சொல்லத்தக்கது ஜோசஃபின் டேயின் 'தி டாட்டர் ஆஃப் டைம்' (1951). கால் எலும்பு முறிந்து மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் காவல் ஆய்வாளர் ஒருவர், பொழுது போகாமல் அண்ணன் பிள்ளைகளைக் கொன்றவன் என்று பழி சுமக்கும் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ரிச்சர்டின் ஓவியத்தைப் பார்த்து, இந்த முகம் கொலைகாரனின் முகமா என்று ஐயப்பட்டு, ஐந்நூறு ஆண்டுப் பழைய வழக்கைப் படுத்தபடியே விசாரிக்கும் கதை. கீழ்த்தளத்தில் ஒருவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மாவுக்கட்டோடு கிடந்த வாரம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாளில் தொலைபேசியில் அழைத்து, எட்வர்டுகளும் ரிச்சர்டுகளும் கலந்து தலை சுற்றுகிறது என்றார். ஒரு முழுத்தாளில் வம்சாவளி மரம் வரைந்து, இறந்தவர்களுக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு அனுப்பினேன். மரத்தைத் தொடையின் மேல் விரித்துக்கொண்டு படித்து முடித்தாராம். அந்தத் தாளை மடித்து இப்போது நூலோடு சேர்த்தே கொடுக்கிறேன்.

சீட்டின் தாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதிலேயே இரண்டு மாதம் போயிற்று. மைதாப் பசையால் ஒட்டிய சீட்டுகளைத் தேடி இராமபாணப் பூச்சி வந்தது. குண்டூசி குத்தியவை கடற்காற்றில் துருப்பிடித்துத் தலைப்புப் பக்கத்தில் பழுப்பு வட்டம் போட்டன. இப்போது கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை வெட்டி, ஒட்டாமல் முன்னட்டைக்குள் செருகி வைக்கிறேன். தடிமன் போதும், பேனா மை பரவுவதில்லை. ஓரத்தில் மஞ்சள் தடவியிருப்பது கொலைக் கதைக்குப் பொருந்துமா என்று மனைவி கேட்டாள். பின்னட்டைச் சுருக்கங்களுக்கோ வேறு மருந்து: பல பதிப்பாளர்கள் பாதிக் கதையைப் பின்னட்டையிலேயே அவிழ்த்துக் கொட்டிவிடுவதால், துப்பறியும் நாவல்கள் அனைத்துக்கும் பழுப்பு அட்டை போட்டுவிட்டேன்.

பழைய புத்தகங்களை வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'நல்ல நிலை' என்று விளம்பரம் செய்து ஒருவர் தபாலில் அனுப்பிய நாவலில் கடைசி ஃபாரம் முழுவதும், அதாவது பதினாறு பக்கங்கள், இல்லை. சமையல் புத்தகத்தில் பதினாறு பக்கம் போனால் பாயசம் போகும்; இதில் புத்தகமே போயிற்று. அதைவிட, திருவல்லிக்கேணி பாரதி சாலையின் நடைபாதையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கிய இன்னொன்றில், பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பாத்திரத்தின் பெயருக்கு எதிரே எவரோ ஒரு புண்ணியவான் நீலப் பால்பாயின்ட் பேனாவால் 'இவன்தான்' என்று எழுதி வைத்திருந்தார். வெள்ளை மை பூசினேன்; வெள்ளையாக ஒரு திட்டு இருந்தால் நகத்தால் சுரண்டிப் பார்க்காதவர் யார்? கடைசியில், அதே நீல மையால் அடுத்தடுத்த பக்கங்களில் வேறு ஆறு பேருக்கு எதிரேயும் 'இவன்தான்' என்று எழுதினேன். கையெழுத்தைப் பொருத்தவே ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. என் அலமாரி வேலைகளில் நான் வெட்கமில்லாமல் பெருமைப்படுவது இந்த ஒன்றுக்குத்தான்.

தமிழ் வரிசைக்கு இத்தனை பாடு இல்லை. தேவனின் துப்பறியும் சாம்புவைப் பரிந்துரைக்கும்போது மறைக்க எதுவும் இல்லை. அசட்டுத்தனத்தாலேயே வழக்குகள் துலங்கும் என்பதுதான் அங்கே நகைச்சுவையின் அச்சாணி, அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சாம்புவை ரசித்தவர்களுக்கு அடுத்ததாக, ஒரு கொலை வழக்கின் விசாரணையாகவே நடக்கும் அவருடைய 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' நாவலைக் கொடுக்கிறேன். அதே கையா இதை எழுதியது என்று கேட்காதவர் இல்லை. சுஜாதாவுக்கு நான் எழுதிய சீட்டு ஒரே வரி: 'நைலான் கயிறு' நாவலுக்கு, 'கணேஷ் அறிமுகமாவது இதில்தான், வசந்த் இன்னும் வரவில்லை.' வசந்தைத் தெரிந்தவர்கள் அந்த ஒரு வரிக்காகவே எடுத்துப் போகிறார்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வைத்தான் யாரும் தொடவில்லை. நீண்ட வாக்கியங்களும் மணிப்பிரவாளமும் மிரட்டுகின்றன போலும். அவர் 1942-இல் மறைந்தவர், நூல்களின் உரிமைக் காலம் முடிந்துவிட்டது. முதல் அத்தியாயத்தை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்துத் தூண்டில் போட்டுப் பார்க்கலாமா என்று ஓர் எண்ணம் இருக்கிறது.

அடுத்ததாக, பரணில் கிடக்கும் மாத நாவல்களை நான்கு நான்காகச் சேர்த்துக் காடாத் துணி முதுகு போட்டு பைண்டு செய்ய வேண்டும். கம்பிப் பின் துருவேறி நடுப்பக்கங்கள் கழன்றுகொண்டிருக்கின்றன. சேய்ஷி யோகோமிசோவின் 'தி ஹோன்ஜின் மர்டர்ஸ்' வந்து சேர்ந்துவிட்டது. 1937-இல் ஒரு ஜப்பானியக் கிராமத்தில் திருமண இரவு, பனி, நள்ளிரவில் கோட்டோ என்ற தந்தி வாத்தியத்தின் ஓசை, பூட்டிய அறை. சீட்டு தானாகவே எழுதிக்கொள்ளும் போலிருக்கிறது. இருபத்து மூன்றை முடிக்காமல் அதைத் தொடுவதில்லை என்று இருக்கிறேன். ஆனாலும் நேற்று இரவு நாற்பது பக்கம் படித்துவிட்டேன்.

இருபத்து மூன்றுக்கு வருகிறேன். லண்டனில் 1952 முதல் நடந்துவரும் 'தி மவுஸ்டிராப்' நாடகத்தில், ரகசியத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்று காட்சி முடிந்ததும் பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது வழக்கம். அதைப் பின்பற்றி எட்டாம் சீட்டைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்து, 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று எழுதினேன். எடுத்தவர் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டினார். சீட்டு கண்ணில் பட்டதோ இல்லையோ, கடைசிப் பத்தி பட்டுவிட்டது.

ஒன்பதாம் சீட்டு, வேண்டுமென்றே சோம்பலாக எழுதப்பட்டது: 'சிறிய கிராமம். செல்வந்தர் ஒருவர் தம் அறையில் கொல்லப்படுகிறார். நடை எளிது, இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம்.' மற்ற சீட்டுகளைவிடச் சற்றும் உற்சாகம் கூடாமல், சற்றும் குறையாமல் இருக்கும்படி, பக்கத்தில் நான்கு சீட்டுகளைப் பரப்பி வைத்து ஒப்பிட்டு எழுதினேன். பிடித்த நாவலைப் பற்றி இவ்வளவு மந்தமாக எழுதுவது, மகளின் கல்யாணத்தில் பந்திக்குக் கூப்பிடாமல் சும்மா நிற்பது போல இருந்தது. மூன்றாம் மாடியில் இருக்கும், வங்கியில் பணிபுரியும் பெண்மணி எவ்வித ஆர்வமும் காட்டாமல் அதை எடுத்துக்கொண்டு போனார். என் நெஞ்சு குளிர்ந்தது.

நேற்றுக் காலை மாடிப்படியில் எதிர்ப்பட்டார். நூற்று நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறாராம். "யாரென்று கண்டுபிடித்துவிட்டேன், சார்" என்று சொல்லி, ஒரு பெயரையும் சொல்லி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சீட்டில் எதை எழுதக் கூடாது என்று ஏழு மாதம் படித்தவனுக்கு, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வது போல நேரத்தைக் கடத்தினேன். காலில் கிடந்தது வாரில்லாத ரப்பர் செருப்பு என்பதை அவரும் பார்த்தார்.