ரோட்ஸ் தீவில் துண்டு போட்ட கதை

ஓடும் டவுன் பஸ்ஸின் ஜன்னல் வழியே துண்டை வீசி சீட்டுப் பிடித்து வளர்ந்தவன் நான். ஜெர்மனிக்கு வந்தபின் அந்த வித்தைக்கு வேலையில்லை என்று நினைத்திருந்தேன். போன ஆகஸ்டில் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவுக்குப் போனபோதுதான் தெரிந்தது, இந்தக் கலையில் ஜெர்மானியர்களுக்கு முன்னால் நாமெல்லாம் பாலர் வகுப்பு.

நான், மனைவி, எட்டு வயது மகன், கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா. ஃபலிராகி கடற்கரையில் ஒரு நான்கு நட்சத்திர விடுதி. சாப்பாடு, குடி எல்லாம் ஒரே தொகைக்குள். போனதும் எல்லோர் கையிலும் மஞ்சள் பட்டை கட்டினார்கள். "காப்புக் கட்டியாச்சு, இனிமே ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது" என்றாள் அம்மா. விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அங்கே பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். வந்த நாள் முதல் விமானம் ஏறும்வரை நீச்சல் குளத்துக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே திருவிழா.

பணம்தான் முன்பே கட்டியாயிற்றே என்று தெம்பாக நின்றவனிடம், பருவநிலைக் கட்டணம் என்று அறைக்கு ஓர் இரவுக்கு 10 யூரோ கேட்டார்கள். அரசாங்கம் வாங்குவது, விடுதியைக் குறை சொல்ல முடியாது. அறையில் கடல் தெரியும் என்று போட்டிருந்ததும் பொய்யில்லை. எதிரே இருந்த இரண்டு கட்டடங்களுக்கு நடுவில், வேட்டிக் கரை அகலத்துக்கு நீலமாகத் தெரிந்தது. குழாய்கள் குறுகல், காகிதத்தைக் கழிவறைக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போடவும் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைத் திறந்து சொம்பை எடுத்து வைத்தாள். சொம்பு எதற்கு என்று விமான நிலையத்தில் அவளோடு சண்டை போட்டவன் நான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் குளத்தடிக்குப் போனால் நூறு சாய்வுப் படுக்கைகள், நூறிலும் துண்டு, ஆள் ஒருவர்கூட இல்லை. துண்டு போட்டு இடம் பிடிக்கக் கூடாது என்று நான்கு மொழிகளில் ஒரு பலகை இருந்தது. அந்தப் பலகை மேலும் ஒரு துண்டு. அடுத்த நாள் ஏழு மணிக்குப் போனேன், அதே கதை. மூன்றாம் நாள் ஆறரைக்குப் போனபோது ஒரு பெரியவர் கடைசித் துண்டை விரித்து, நான்கு முனையிலும் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தார். கிளிப்! நமக்குத் தோன்றவில்லையே.

சாப்பாட்டுக்கு வருகிறேன். விடுதியில் ஷ்னிட்ஸல், உருளைக்கிழங்கு, பாஸ்தா. ஸ்டுட்கார்ட்டில் தினமும் பார்ப்பதைப் பார்க்க விமானம் ஏறி வந்திருக்கிறோம். கிரேக்கச் சமையல் செவ்வாய் இரவு மட்டும். ட்ஸாட்ஸிகியை ஒரு வாய் வைத்துவிட்டு, "வெள்ளரிக்காய்ப் பச்சடி. பூண்டைப் போட்டுக் கெடுத்துட்டாங்க" என்றாள் அம்மா. அதோடு காப்பை மீறுவது என்று முடிவாயிற்று. கார் வாடகைக்கு எடுத்தோம்.

முதலில் பெடலூதெஸ். வண்ணத்துப்பூச்சிப் பள்ளத்தாக்கு என்று பெயர். பெயர்தான் அப்படி, இருப்பவை அந்துப்பூச்சிகள். மர வாசனைக்குக் கோடையில் ஆயிரக்கணக்கில் வந்து அடைகின்றன. உடம்பில் சேர்த்து வைத்த சத்தில்தான் காலம் தள்ளுகின்றனவாம், அதனால் கை தட்டிப் பறக்க வைக்கக் கூடாது. "பாவம், விரதம் இருக்குதுங்க" என்று அம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விரதம் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது. அலுவலகத்துக் கிரேக்க நண்பர் ஒரு மந்திரச் சொல் கொடுத்து அனுப்பியிருந்தார்: நிஸ்திசிமா, அதாவது விரதச் சாப்பாடு. மாதா திருநாளான ஆகஸ்ட் 15க்கு முன் இரண்டு வாரம் அவர்களும் விரதம் இருப்பார்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. அம்மாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? பக்கத்துக் கிராமத்தில் மரத்தடியில் ஒரு சின்ன உணவகம். பரிமாறிய பாட்டியிடம் மந்திரத்தைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. கறி ஏதும் இருக்காதே என்று சைகையில் கேட்டேன். பாட்டி புருவத்தை உயர்த்தி, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, "த்சு" என்றாள். அச்சு அசல் எங்கள் ஊர் "த்சு". அம்மா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வந்தது ஆக்டோபஸ். எட்டுக் காலும் சுட்டு, எலுமிச்சை பிழிந்து.

ரத்தமில்லாத பிராணியானால் அவர்கள் விரதத்தில் ஆகுமாம். நண்பர் இந்தப் பிற்சேர்க்கையைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அம்மா தட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "நல்ல விரதம்டா." பாட்டி பதறிப்போய் உள்ளே ஓடி ஒரு தட்டு பிதரூதியா கொண்டுவந்தாள். கொண்டைக்கடலையில் வெங்காயமும் புதினாவும் போட்டுப் பொரித்தது. அம்மா ஆறு சாப்பிட்டாள். மசால் வடை என்று ஒப்புக்கொள்ள மட்டும் மறுத்துவிட்டாள், சோம்பு இல்லையாம். ஆக்டோபஸை நானும் மகனும் முடித்தோம். என்னைக் கேட்டால் அந்தப் பயணத்தின் சிறந்த சாப்பாடு அதுதான். அம்மாவிடம் சொல்லவில்லை.

லிண்டோஸில் கோட்டைக்குக் கழுதைச் சவாரி உண்டு. "கழுதை மேல ஏத்தி ஊர்வலம் விடற அளவுக்கு நான் என்னடா தப்பு பண்ணேன்?" என்று கேட்டுவிட்டு 116 மீட்டர் உயரத்தையும் வெயிலில் நடந்தே ஏறினாள். மேலே அத்தீனா கோயிலில் தூண்கள்தான் மிச்சம், சாமி இல்லை. கடலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். ரோட்ஸ் துறைமுகத்தில் உலக அதிசயமான சூரியதேவன் சிலை எங்கே என்று மகன் கேட்டான். கி.மு. 226 நிலநடுக்கத்திலேயே விழுந்துவிட்டது, நாம் 2,250 வருடம் தாமதம் என்றேன். "நீ எதுக்குத்தான் நேரத்துக்குப் போன, துண்டு போடறதுக்கா?" இது மனைவி.

கடைசி நாள் காலை குளத்தடிக்குப் போனேன். முதல் வரிசையில் நான்கு படுக்கைகள், நான்கிலும் ஈரிழைத் துண்டு. கோலம் போடுகிற பழக்கத்தில் நாலரைக்கே எழுந்துவிடும் அம்மா ஒன்றில் உட்கார்ந்து விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்தாள். கிளிப் பெரியவர் சற்றுத் தள்ளி, கையில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். அம்மா கண்ணைத் திறக்காமல் அவருக்கு ஒரு "த்சு" சொன்னாள்.