ஊசி எங்கே, தம்பி?

ட்ரோன் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்த புதிதில் ட்ரோன் கேமராவின் படத்தை ரேடியோ அலையில் அனுப்பும் ஒரு வீடியோ டிரான்ஸ்மிட்டரைப் பொசுக்கினேன். ஆன்டெனா இல்லாமல் அதற்கு மின்சாரம் கொடுக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆன்டெனாவை இறுகத் திருகிவிட்டுத்தான் பேட்டரியை இணைத்தேன். வேடிக்கையே அதுதான்.

மேசை மேல் இருந்தவரை படம் தெளிவாக வந்தது. வெளியே பறக்கவிட்டதும், சற்றுத் தள்ளிப் போவதற்குள், படம் பார்க்கக் கண்ணில் மாட்டும் வீடியோ கண்ணாடியில் ஒரே இரைச்சல் புள்ளிகள். சேனலை மாற்றினேன். ரிசீவரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் 25 மில்லிவாட்டில் இருந்த டிரான்ஸ்மிட்டரின் சக்தியை 600க்கு ஏற்றினேன். சிறிது நேரத்தில் தொட முடியாத சூடு. பிறகு படமே இல்லை.

பட்டறையின் மூத்தவர் ஆன்டெனாவைக் கழற்றி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஊசி எங்கே, தம்பி?"

ஆன்டெனாவின் நடுவிலும் துளை, டிரான்ஸ்மிட்டரின் நடுவிலும் துளை. ஆன்டெனாவைத் திருகி மாட்டும் எஸ்எம்ஏ கனெக்டரில் உள்மரை கொண்ட ஆண் பக்கத்தில் ஊசியும், வெளிமரை கொண்ட பெண் பக்கத்தில் துளையும் இருக்கும். அதன் தலைகீழ் வகையான ஆர்பி-எஸ்எம்ஏவில் மரை அப்படியே. ஊசியும் துளையும் மட்டும் இடம் மாறியிருக்கும். அதனால் ஒன்றோடொன்று ஒழுங்காகத் திருகிக்கொள்கின்றன, நடுவில் தொடர்பே ஏற்படுவதில்லை. வெளியேற வழியில்லாத ஆற்றல் திரும்பி வந்து பெருக்கிச் சில்லைச் சுட்டுவிடுகிறது.

இந்தக் குழப்பம் வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டது. வாங்கியவர்கள் இஷ்டத்துக்கு ஆன்டெனாவை மாற்றக்கூடாது என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் விதி போட்டது. வைஃபை கருவிகள் செய்தவர்கள் ஊசியை இடம் மாற்றி அதற்கு ஈடுகொடுத்தார்கள். இன்று இரண்டு வகையும் எங்கும் கிடைக்கின்றன. வேலி போய்விட்டது, முள் மட்டும் நம் காலில் தைக்கிறது.

பெயரை நம்பியும் பயனில்லை. ஆர்பியில் ஆண், பெண் என்பது மரையை வைத்துச் சொல்வது. பலரும் ஊசியைப் பார்த்துச் சொல்கிறார்கள். எனவே தொலைபேசியில் கேட்பவர்களிடம் நான் பெயரே கேட்பதில்லை. மரை உள்ளேயா, வெளியேயா? நடுவில் ஊசியா, துளையா? இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

அழுத்தி மாட்டும் சின்னஞ்சிறு யு.எஃப்.எல். கனெக்டர் வகையில் இந்தத் தொல்லை இல்லை என்றாலும் அதன் ஆயுள் சுமார் 30 முறை மாட்டிக் கழற்றுவதோடு சரி. நான் அவசியமின்றி அதைத் தொடுவதில்லை. ரேடியோ அலை சுழன்றபடி செல்லும் வட்ட முனைவாக்க ஆன்டெனாக்களில் இடச்சுழல், வலச்சுழல் மாறினால் தூரம்தான் குறையும், எதுவும் எரியாது.

துளையும் துளையும் சந்திப்பதாவது பரவாயில்லை. நேற்று வந்த பெட்டியில் ஊசியை ஊசியோடு மோதவிட்டிருந்தார்கள். டிரான்ஸ்மிட்டரின் ஊசி வெள்ளை டெஃப்லானுக்குள் புதைந்து கிடந்தது. கூடவே ஒரு சீட்டு: "கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, குறடு வைத்துத் திருகினேன். படம் வரவில்லை."