மெதுவாகச் சொன்னால் மட்டும் போதாது

பினாங்கில் ஓர் அரசு மருத்துவமனையின் மருந்து கவுண்டரில் வேலை செய்கிறேன். சேர்ந்த புதிதில், பின்னால் மலாயில் நம்பர் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, ஒரு பாட்டியிடம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன்: "காலையில வெறும் வயித்துல போடுற தைராய்டு மாத்திரைய சாப்பாட்டுக்கு அப்புறம் போடுற கால்சியம் மாத்திரையோட சேர்த்துப் போடக்கூடாது." தலையாட்டினார். திருப்பிச் சொல்லச் சொன்னேன். "ரெண்டையும் சேர்த்துப் போடணும், அதானேம்மா?"

எனக்குப் பகீரென்றது. கால்சியம் அந்தத் தைராய்டு மருந்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது, 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

வேகம்தான் தப்பு என்று நினைத்து, அதே வாக்கியத்தைச் சொல் சொல்லாக நிறுத்திச் சொன்னேன். இன்னும் குழம்பிப் போனார்.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது, 'கூடாது' அதற்கும் கடைசியில். அதுவரை இரண்டு மாத்திரை, இரண்டு வேளை, முன்னாடியா பின்னாடியா என்று எல்லாவற்றையும் கேட்பவர் மனதில் ஏந்திக்கொண்டே காத்திருக்க வேண்டும். அப்படி ஏந்தும் நினைவில் ஒரே நேரத்தில் சுமார் 4 தகவல் துண்டுகள்தான் தங்கும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் எழுதினார். சொல்லுக்குச் சொல் நிறுத்தி, துண்டுகளைக் கூட்டிவிட்டது நான்தான்.

பல சொற்களை ஒரே துண்டாகச் சேர்த்துக் கட்டுவது குரலின் ராகம். "நேத்து வந்த டாக்டரோட தம்பி" என்றால் வந்தது யார்? 'வந்த'வுக்குப் பிறகு குரல் ஏறி நின்றால் தம்பி, நிற்காமல் 'டாக்டரோட' வரை போனால் டாக்டர். 1999இல் வெளியான ஒரு ஆய்வில், ஜெர்மன் வாக்கியங்களைக் கேட்டவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். சொற்றொடர் முடியும் இடத்தில் தனியாக ஓர் அலை எழுந்தது, நடுவிலிருந்த மௌனத்தை வெட்டி எடுத்த பிறகும் எழுந்தது. குரல் ஏறி இறங்குவதும் கடைசி அசை நீளுவதுமே போதுமாக இருந்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது இப்படிச் சொல்கிறேன்: "பாட்டி, ரெண்டும் ஒண்ணா வேண்டாம். இது தைராய்டு, காலையில, வெறும் வயித்துல." குரலை இறக்கி முடித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான், "இது கால்சியம், மத்தியானம், சாப்பிட்டு."

அடுத்த தடவை மருந்து வாங்க வந்தபோது நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் சொல்லிக் காட்டினார், 'காலையில' என்பதை நான் இழுக்கிற அதே இடத்தில் இழுத்து.