பிளம்ஸில தொடங்கினது

2024 செப்டெம்பர் 10, செவ்வாய்

இண்டைக்கு ஒரு பிளம்ஸை பத்து நிமிசமாப் பாத்துக்கொண்டு இருந்தனான். பாயாசத்துக்குப் போடுற அதே பிளம்ஸ்தான், காய்ஞ்ச திராட்சை. கையில வைச்சுப் பாக்கச் சொன்னவ ரீச்சர், பேந்து வெளிச்சத்துக்கு நேர பிடிச்சு, காதுக்குப் பக்கத்தில வைச்சு உருட்டி (சத்தம் கேக்கும் எண்டு நான் நினைக்கேல்ல, கேட்டது, சின்னனா ஒரு நெரிபடுற சத்தம்), மூக்கடிக்குக் கொண்டுபோய், கடைசியா வாய்க்குள்ள வைச்சும் உடன கடிக்கக் கூடாதாம். பன்ரண்டு பேர் வட்டமா இருந்து இதைச் செய்யிறம், எல்லாரும் வளந்த ஆக்கள், ஒருத்தர் வேலையால நேர வந்தவர், ரை கூட கழட்டேல்ல. அம்மா பாத்தா என்ன சொல்லுவா எண்டுதான் எனக்கு யோசினை.

எட்டுக் கிழமை மைண்ட்ஃபுல்னஸ் கோர்ஸ் இது, இப்ப நடக்கிறதை இப்பவே கவனிக்கிற பழக்கம். அப்பா போனதில இருந்து எனக்கு இரவு ரெண்டு மணிக்கு முழிப்பு வந்திடும், பேந்து விடியுமட்டும் முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறதுதான். டொக்டர் குளிசை எழுதித் தரலாம், இல்லாட்டி இதைச் செய்து பாருங்கோ எண்டவ. நான் வேலை செய்யிறதே ஒஸ்பிற்றல் பார்மசியில, குளிசை எண்ணி எண்ணி அலுத்துப் போச்சு, அதால இதுக்கு ஓம் எண்டிட்டன்.

செப்டெம்பர் 19, வியாழன்

வீட்டுப்பாடம் பொடி ஸ்கான். 45 நிமிசம். படுத்துக்கொண்டு இடது கால் விரலில தொடங்கி உடம்பைத் துண்டு துண்டாக் கவனிச்சு மேல வரவேணும். முழங்காலுக்கு மேல நான் ஒருநாளும் போனதில்லை, அதுக்குள்ள நித்திரை. ரீச்சரிட்டச் சொன்னன், அதுக்குத்தானே வந்தனீங்கள் எண்டு சிரிச்சவ. சரிதான், ஆனா ரெண்டு மணிக்குத் திரும்ப முழிப்பு.

முழிச்சிருக்கேக்க போனில தோண்டினன். இந்தக் கோர்ஸின்ர மூலம் ஜோன் கபாட்-ஸின் எண்டவர் 1979ல மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில நாள்பட்ட நோவோட இருந்த ஆக்களுக்காகத் தொடங்கினது. புத்தரை மெல்லமா வாசலில விட்டிட்டு மிச்சத்தை உள்ள கொண்டு போயிருக்கிறார். எனக்கு அதைவிடப் பிடிச்சது இன்னொண்டு. பாளியில, புத்த நூல்கள் இருக்கிற பழைய பாசையில, 'சதி' எண்டொரு சொல் (தமிழில வாசிச்சா வேற மாதிரி வருது, அதை விடுவம்), அதுக்கு மைண்ட்ஃபுல்னஸ் எண்டு ஆங்கிலம் போட்டவர் ரைஸ் டேவிட்ஸ். அந்த மனிசன் சிலோன் சிவில் சேர்விஸில இருந்தவர், அங்கதான் பாளி படிச்சவர், பேந்து இங்க லண்டனுக்கு வந்து 1881ல பாளி நூல்களை அச்சிடவெண்டே ஒரு சங்கம் தொடங்கினவர். ஆக எங்கட தீவில இருந்து கப்பலேறி லண்டன் வந்து, அங்கயிருந்து அமெரிக்கா போய், திரும்ப ஹாரோவில ஒரு சமூக மண்டபத்துக்கு வந்து, பிளம்ஸாகி என்ர கையில ஏறியிருக்கு.

ஒக்டோபர் 5, சனி

கோர்ஸில எனக்குப் பக்கத்தில இருக்கிற வெள்ளைக்கார மனிசி, பென்சன் எடுத்த ரீச்சர், உதோட நிண்டிடாத, உது எங்கயிருந்து வந்ததெண்டும் பார் எண்டு என்னை அமராவதி எண்ட புத்த மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவ. ஹெமெல் ஹெம்ப்ஸ்டெட்டுக்கு அங்கால, ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் வயல்வெளிக்க இருக்கு. தாய்லாந்தின்ர காட்டுப் பிக்கு அஜான் சாவின்ர சீடர், அஜான் சுமேதோ எண்ட அமெரிக்கர், 1984ல தொடங்கின மடம். முந்தி அது ஒரு பள்ளிக்கூடமாம், மரத்தால அடிச்ச நீட்டு நீட்டுக் கொட்டிலுகள். காசு கேக்கிறேல்ல, உண்டியல் இருக்கு, போடுறவை போடலாம்.

புதுசா வந்த ஆக்களுக்கெண்டு பின்னேரம் ஒரு வகுப்பு. முப்பது பேர் இருக்கும், நானும் ஒரு சீனப் பெடியனும் தவிர மிச்சம் எல்லாரும் வெள்ளை. பகிடி என்னெண்டால் எனக்குத்தான் சம்மணம் கட்டி இருக்க ஏலேல்ல. ஊரில பந்தியில இருந்து சாப்பிட்ட கால்தான், இருபத்தஞ்சு வருசமாக் கதிரையில இருந்து இருந்து மரத்துப் போச்சு. அவையள் வட்டக் குசனும் சின்ன மரப்பலகையுமாக் கொண்டு வந்து வேர்விட்ட மாதிரி இருக்கினம், நான் பின்வரிசையில கதிரையில, கோயிலில முழங்கால் வருத்தம் பிடிச்ச மாமிமார் இருப்பினமே, அப்பிடி.

மூக்கு நுனியில மூச்சைப் பாக்கச் சொன்னார் பிக்கு. உள்ள, வெளிய, ஒண்டு. பத்து வரைக்கும் எண்ணி, திரும்ப ஒண்டில இருந்து. இடையில விட்டுப்போனாலும் ஒண்டுதான். நான் மூண்டைத் தாண்டேல்ல. மூண்டாவது மூச்சில திங்கக்கிழமை மருந்து ஓடர், அப்பான்ர திவசத்துக்கு ஐயரிட்டச் சொல்லவேணும், காரைப் பூட்டினனோ. ஒருக்கா மட்டும் பதினேழுக்குப் போட்டன், கவனம் எண்டு நினைச்சிடாதேங்கோ, பத்தில நிப்பாட்ட மறந்து போச்சு, குளிசை எண்ணுற பழக்கம்.

ஒருத்தர் கேட்டவர், நினைப்பு வாறதை எப்பிடி நிப்பாட்டிறது எண்டு. நிப்பாட்ட ஏலாது, மனம் போட்டுது எண்டு தெரிய வந்தாக் காணும், கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டார் பிக்கு. ஆசை, எரிச்சல், தூங்கி விழுகிறது, அந்தரப்படுறது, இது சரிவருமோ எண்ட சந்தேகம், இந்த அஞ்சும்தான் தடையாம். புத்தர் காலத்திலயே பேர் வைச்சு வரிசைப்படுத்தி இருக்கினம். அரை மணித்தியாலத்தில எனக்கு அஞ்சும் வந்து, தேத்தண்ணி குடிக்காத குறையாப் போனது.

பேந்து புல்லுக்க நடைத் தியானம். இருபது அடி போறது, நிக்கிறது, திரும்பி வாறது. தூரத்தில நிண்டு பாத்தா முப்பது பேர் மோதிரம் துலைச்சிட்டுத் தேடுற மாதிரி.

எல்லாம் முடிஞ்சு ஓதத் தொடங்கிச்சினம். "நமோ தஸ்ஸ பகவதோ அரஹதோ சம்மா சம்புத்தஸ்ஸ." நான் இதை எதிர்பாக்கேல்ல, ஏன் எதிர்பாக்கேல்ல எண்டும் விளங்கேல்ல, புத்த மடத்துக்குப் போனால் வேற என்னத்தை ஓதுவினம்? முதல் சொல்லிலயே முதுகு விறைச்சிட்டுது. கதவு எந்தப் பக்கம் எண்டு கண் தேடுது. கூட வந்தவ கண்ணை மூடிக்கொண்டு வடிவா இருக்கிறா, அவவுக்கு அது ஒரு பழைய பாசை, அவ்வளவுதான்.

காரில ஒண்டும் கதைக்கேல்ல நான்.

ஒக்டோபர் 6, ஞாயிறு

எழுதித்தான் வைப்பம். 1997. எங்கட ஒழுங்கை போய் றோட்டில ஏறுற இடத்தில ஆமிக் காம்ப். போயா, அதாவது பறுவம், எண்டால் விடியக்காலமை லவுட்ஸ்பீக்கரில பிரித் ஓதத் தொடங்கும், அதே நமோ தஸ்ஸதான். அம்மா எழும்பி ஜன்னல் எல்லாம் சாத்துவா, சாத்தினாலும் கேக்கும். அப்பா என்னை ரியூசனுக்கு ஏத்திக்கொண்டு போகேக்க சென்றியடியில சைக்கிளால இறங்கி உருட்டிக்கொண்டு போறவர், மற்றப் பக்கம் தாண்டித்தான் திரும்ப ஏறலாம். அந்தச் சத்தத்துக்கால நடப்பம். அப்பான்ர வலது பெருவிரல் சைக்கிள் மணியில தட்டுப்படாமல் ஒதுங்கி நிக்கும், நான் அந்த விரலைத்தான் பாத்துக்கொண்டு போவன். ஒரு வார்த்தை விளங்காது, ஆனா பாடமாகிப் போச்சு.

ஒக்டோபர் 13, ஞாயிறு

சரஸ்வதி பூசைக்கு அம்மாட்டப் போய், மடத்துக்குப் போனதைச் சொல்லிட்டன். அவல் குழைச்சுக்கொண்டு இருந்தவ, கை நிண்டுட்டுது.

"உனக்கென்ன விசரே? எங்கட சித்தர்மார் சொல்லாத தியானமே?"

"அம்மா, அங்க இருக்கிறது வெள்ளையள்."

"வெள்ளையெண்டா என்ன? ஓதுறது அதைத்தானே."

இதுக்கு என்னட்ட மறுமொழி இல்லை, அதால சரித்திரத்துக்க பூந்தன். நாகபட்டினத்தில சூடாமணி விகாரம் எண்டு இருந்தது, ராஜராஜன் அதுக்கு ஆனைமங்கலம் எண்ட ஊரையே எழுதிக் குடுத்தவன், அந்தச் செப்பேடு பேந்து ஒல்லாந்தில லெய்டனுக்குப் போட்டுது, தமிழரிலயும் பௌத்தர் இருந்தவை எண்டு நல்லா விளக்கினன். அம்மா கேட்டிட்டுச் சொன்னா, ராஜராஜன் குடுத்தது அவன்ர காணி, நீ ஏன் அங்க போறாய்.

ஒக்டோபர் 19, சனி

மெத்தா சொல்லித் தந்தவை. எல்லாரும் சுகமா இருக்கவேணும் எண்டு நினைக்கிறது, கேக்க லேசு. ஆனா ஒழுங்கு இருக்கு. முதல் தனக்கு, பேந்து மனசுக்குப் பிடிச்ச ஆள், பேந்து நல்லதும் கெட்டதும் இல்லாத ஒருத்தர், கடைசியாப் பகையான ஆள். அஞ்சாம் நூற்றாண்டில புத்தகோசர் அநுராதபுரத்தில இருந்து எழுதி வைச்ச ஒழுங்கு, அவர் காஞ்சிபுரத்திலயும் தங்கின ஆள்தான்.

நான் பிடிச்ச ஆளுக்கு அப்பாவை வைச்சன். முடிய பிக்குவிட்டக் கேட்டா, செத்த ஆளை வைக்கக் கூடாதாம். ஒரு இளம் பிக்கு எவ்வளவு முயற்சி செய்தும் மனம் ஒருமைப்படேல்லயாம், விசாரிச்சுப் பாத்தால் அவன் நினைச்சுக்கொண்டு இருந்த குரு ஏற்கெனவே செத்துப் போனாராம், அந்தக் கதையும் அந்தப் பழைய நூலிலயே இருக்காம். மூக்குக்குள்ள எரிஞ்சுது எனக்கு. தெரியாமல் கேட்டிட்டமே எண்டு யோசிச்சன், கேக்காமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு மாசம் அப்பாவோடயே இருந்திருப்பன்.

திரும்ப இருந்து, அப்பாவின்ர இடத்தில அம்மாவை வைச்சன். நடுவில ஸ்ரேசன் கேற்றடியில நிக்கிற மனிசன், அந்தாள் மூக்கைச் சொறிஞ்சுகொண்டு வந்து நிண்டார், நல்லா இருங்கோ எண்டிட்டன். பகைக்கு ஓஃபீஸில ஒருத்தியை ஆயத்தமா வைச்சிருந்தனான். வந்தது அவ இல்லை. சென்றியில நிண்ட பெடியன், மீசை அரும்பு, கையைக் காட்டி அப்பாவை இறங்கச் சொல்லுறவன். அவனுக்கும் இப்ப அம்பதுக்குக் கிட்ட இருக்கும், பேரப்பிள்ளையும் இருக்குமோ என்னவோ.

நல்லா இரு எண்டு சொல்ல வரேல்ல. மணி அடிக்குமட்டும் மூச்சை எண்ணிக்கொண்டு இருந்திட்டன்.

நவம்பர் 3, ஞாயிறு

வெள்ளி பின்னேரத்தில இருந்து மடத்தில தங்கினன். தங்கிறதெண்டால் எட்டுச் சீலம், எட்டு ஒழுக்கம், பிடிக்கவேணும், அதில ஒண்டு மத்தியானத்துக்குப் பிறகு சாப்பாடு இல்லை. இன்னொண்டு பாட்டு, நகை, பவுடர் ஒண்டும் இல்லை. என்ர அறையில ஒரு வெள்ளைக்காரப் பெட்டை, முதல்நாள் இரவு பசியில அழுதே போட்டாள், பையுக்க பிஸ்கற் இருக்கு, எடுக்கவுமில்லை. எனக்குப் பசி ஒரு பொருட்டா இல்லை. சின்னனில இருந்து சஷ்டி விரதம் பிடிக்கிற வீடெல்லே. நேற்றுத்தான் கந்தசஷ்டி தொடக்கம். அம்மா வட்ஸ்அப்பில, எங்க நிக்கிறாய், என்ன சாப்பிட்டனி எண்டு. பதினொரு மணிக்குப் பிறகு ஒண்டுமில்லை எண்டன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப விரதம்தான்" எண்டா.

விடிய நாலு மணிக்கு மணி. இருட்டுக்க, பனியில, சப்பாத்தைக் கழட்டிட்டு உள்ள போனால் திரும்ப அதே நமோ தஸ்ஸ, மூண்டு தரம். இந்த முறை கதவைத் தேடேல்ல. என்ன நடக்குது எண்டு பாத்தன். முதல் தரம் தாடை இறுகுது. ரெண்டாவதில தோள் காதுக்கு ஏறுது. மூண்டாவதில எனக்கு முன்னால இருந்த பிக்குவுக்குத் தடிமன், சம்மா எண்டு இழுக்கப் போய் குரல் உடைஞ்சு இருமல் வந்து, அந்தாள் யோர்க்ஷயர் ஆள், உச்சரிப்பு வேற, எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. நமோ எண்டது எங்கட நமச்சிவாயத்தில இருக்கிற அதே நம தான் எண்டு அப்பதான் ஓடிச்சுது. தோள் எப்ப இறங்கினதெண்டு பாக்கத் தவறிட்டன்.

நவம்பர் 9, சனி

அம்மா தானா வாறன் எண்டா. நேற்றுப் பாறணை முடிஞ்ச கையோட, விடிய எழும்பிச் சமைச்சு மூண்டு ஐஸ்கிறீம் பெட்டியில சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. ஆனா உள்ள வரமாட்டன், காரில இருப்பன், நீ குடுத்திட்டு வா எண்டா. சரி எண்டு கீற்றரைப் போட்டுத் திறப்பையும் குடுத்திட்டுப் போனன்.

அங்க பிக்குமார் தாங்களா எடுத்துச் சாப்பிட மாட்டினம், ஆரும் கையில தூக்கிக் குடுக்கவேணும். நான் குடுத்தன். சாப்பிட முன்னம் கொஞ்ச நேரம் ஓதினவை, வாசல் கதவு திறந்தபடி கிடந்தது.

திரும்பி வந்தா அந்தக் குளிருக்கும் கார்க் கண்ணாடி நாலு விரலுக்கு இறங்கியிருக்கு. ஏன் எண்டு கேட்டன். மூச்சு முட்டினது எண்டா.

வரேக்க வட்டோர்ட் தாண்டிற வரைக்கும் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு,

"கறிக்கு உப்புக் காணாதெண்டு சொன்னவையோ?"

"அவையள் சாப்பாட்டைப் பற்றி ஒண்டும் சொல்லாயினம் அம்மா."

"அப்ப காணாதுதான்."