இன்று வந்த வாத்து

மூன்று நாளாகக் காத்திருந்த அந்த வாத்து வடிவ வளைவு இன்று மாலை திரையில் சரியாக வந்தது.

சுழற்சி வோல்ட்டாமெட்ரி என்ற மின்வேதியியல் சோதனை அது. ஃபெர்ரிசயனைடு என்ற இரும்புச் சேர்மத்தின் கரைசல், கிளாசி கார்பன் (கண்ணாடி போன்ற கார்பன்) மின்முனை. மின்னழுத்தத்தைச் சீராக இறக்கி, திரும்ப ஏற்றுகிறோம்; அப்போது ஓடும் மின்னோட்டம்தான் திரையில் வளைவாக வருகிறது. இறங்கும்போது இரும்பு ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது, ஏறும்போது திருப்பிக் கொடுக்கிறது. வாங்கும் முகடும் கொடுக்கும் முகடும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எலக்ட்ரான் தடையில்லாமல் கைமாறினால் 25 டிகிரியில் இடைவெளி சுமார் 59 மில்லிவோல்ட். எனக்கு முதல் நாள் 180! கரைசலைச் சந்தேகப்பட்டுப் புதிதாகக் கலக்கினேன், மாறவில்லை. குறை மின்முனையின் முகத்தில். 0.05 மைக்ரான் அலுமினா பொடியில் எட்டு போடுவது போலத் தேய்த்து, கழுவி, மறுபடி தேய்த்து... இன்று 72.

அப்புறம் மின்னழுத்தத்தை மாற்றும் வேகத்தை நான்கு மடங்காக்கினேன். முகட்டின் உயரம் இரண்டு மடங்கானது. அயனிகள் பரவித்தான் மின்முனைக்கு வந்து சேர்கின்றன என்பதற்கு அது நல்ல சாட்சி.

1922இல் பிராக் நகரில் வேதியியலாளர் ஹெய்ரோவ்ஸ்கி சொட்டும் பாதரசத்தையே மின்முனையாக வைத்து இந்தத் துறையைத் தொடங்கினார். ஒவ்வொரு சொட்டும் புது முகம், தேய்க்கும் வேலையே இல்லை. அந்த யோசனையின் அழகு, கை வலிக்கத் தேய்த்த பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. 1959இல் நோபல் கொடுத்தார்கள். இன்னும் முன்பே கொடுத்திருக்கலாம்.