லிவர்பூலின் செங்கல் சுவர்கள்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் மெர்சி ஆற்றங்கரையில் நடந்தபோது முதலில் என் கண்ணில் பட்டவை ஆல்பர்ட் கப்பல்துறையின் பருத்த வார்ப்பிரும்புத் தூண்கள்தாம். தீப்பிடித்துச் சரக்கு எரிந்துவிடக் கூடாது என்பதற்காக பொறியாளர் ஜெஸ்ஸி ஹார்ட்லி மரத்தைத் தவிர்த்து, செங்கல், கருங்கல், இரும்பு ஆகியவற்றைக் கொண்டே எழுப்பிய இந்தக் கிடங்குகள் 1846இல் திறக்கப்பட்டன. பின்னாளில் கப்பல்கள் பெருத்ததும் இத்துறை அவற்றுக்குப் போதாமல் போயிற்று. 1972இல் மூடப்பட்டுச் சேறு மண்டிக் கிடந்த துறை, 1988இல் கலைக்கூடத்தோடு முறைப்படி மீண்டும் திறந்தது. சரக்கு இறங்கிய இடத்தில் இன்று காப்பிக் கடைகள். அடிமை வணிகத்தில் சேர்ந்த செல்வத்தை மறைக்காமல், அதற்கென 2007இல் இந்நகரம் ஓர் அருங்காட்சியகமே அமைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு மேத்யூ தெருவில் கேவர்ன் இசை மன்றத்துக்குப் படியிறங்கினேன். பீட்டில்ஸ் இசைக்குழுவினர் 1961 முதல் 1963 வரை வாசித்த நிலவறை, ரயில்பாதைக்குக் காற்றுப்போக்கி அமைப்பதற்காக 1973இல் மூடப்பட்டது. அந்தக் காற்றுப்போக்கியோ கட்டப்படவே இல்லை! பழைய செங்கற்களில் பலவற்றை மீண்டும் பயன்படுத்தி 1984இல் எழுப்பிய இன்றைய மன்றத்தில், கிதார் ஒலிக்கத் தொடங்கியதும் நான் சாய்ந்திருந்த சுவர் மெல்ல அதிர்ந்தது.