பி16ஏ எஞ்சினில் டைப் ஆர் கேம்: ஏழு டிகிரியைத் தேடி மூன்று ஞாயிறு

நேற்று மாலை ஐந்தரைக்கு வண்டி கடைசியில் ஒழுங்காக ஓடியது. சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டிலிருந்து வெளியே வந்து பிஐஇ விரைவுச்சாலையில் ஏறும் வளைவில் இரண்டாம் கியரை இழுத்துப் பிடித்தேன். 5600 ஆர்பிஎம் தாண்டியதும் விடெக் (உயர் வேகத்தில் வால்வை இன்னும் அதிகமாகத் திறக்கும் ஹோண்டா ஏற்பாடு) திறந்து, முள் 6000க்கு ஏறியது. அந்தச் சத்தத்துக்காகத்தான் கேமை, அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டை, மாற்றும் இந்த வேலை எல்லாம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் 2500 ஆர்பிஎம்மில் கிடைத்தது. பச்சை விளக்கு விழுந்ததும் தடுமாறாமல் நகர்கிறது. மூன்று வாரமாக என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தத் தடுமாற்றம்தான்.

வண்டி ஈகே4 சிவிக், சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்று) இரண்டு முறை புதுப்பித்தது. எஞ்சின் பி16ஏ, 1595 சிசி, 170 குதிரைத்திறன். ஹோண்டா 1989இல் இன்டெக்ராவில் முதன்முதலாக விடெக்கைக் கொண்டுவந்தபோது வைத்த அதே குடும்பம். 1997இல் வந்த சிவிக் டைப் ஆரின் பி16பி, அதே 1.6 லிட்டர் அளவில் 8200 ஆர்பிஎம்மில் 185 குதிரைத்திறன் கொடுத்தது. அந்த வித்தியாசத்தில் கேமுக்குப் பெரிய பங்கு உண்டு. டைப் ஆர் இன்டேக் கேம் (காற்று உள்ளே வரும் பக்கத்துக் கேம்) உயர் வேகத்தில் வால்வை 11.5 மிமீ தூக்குகிறது, என்னுடையது 10.7. சந்தையில் இதைவிட முரட்டுக் கேம்கள் நிறைய உண்டு. ஆனால் எனக்கு வருடாவருடம் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கிறது, ஐடிலில் புகைச் சோதனையில் தேற வேண்டும், காலையில் மனைவியை வேலையிடத்தில் இறக்கிவிட வேண்டும். அதனால் ஹோண்டாவே செய்த கேம் போதும் என்று முடிவு செய்தேன். இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

கேம் ஜோடி ஜோகூரில் ஒரு ஹாஃப் கட் (பாதியாக வெட்டி வரும் பழைய வண்டிகள்) கடையில் கிடைத்தது. அதற்கு முன் இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய ஜோடியில் எக்ஸாஸ்ட் கேமின் மூன்றாவது ஜர்னலில் (தாங்கியில் உட்கார்ந்து சுழலும் பகுதி) நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தது. படத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் காட்டவில்லை. பணமும் திரும்பி வரவில்லை. பழைய கேம் வாங்குகிறவர்கள் ஜர்னல் ஐந்தையும் நகத்தால் தடவிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். லோப் (வால்வைத் தள்ளும் முட்டைவடிவப் பகுதி) பளபளப்பாக இருப்பதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது.

கழற்றும் வேலையைப் பற்றி நீட்டவில்லை. வால்வு ஸ்பிரிங்கையும் டைப் ஆர் ஸ்பிரிங்காக மாற்றியதால் ராக்கர் (கேமின் தள்ளலை வால்வுக்குக் கொண்டுபோகும் கை) தண்டை உருவ வேண்டியிருந்தது. தண்டின் முனையில் 12 மிமீ போல்ட்டை முறுக்கி இழுத்தால் வந்துவிடும். மூன்று ராக்கர்களையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள், உள்ளே இருக்கும் சின்ன பிஸ்டன்கள் தெறித்து ஓடாது. இதை ஹோண்டாவின் கையேடே சொல்கிறது. வால்வு கீழே விழாமல் இருக்க, பிளக் துளை வழியாக நைலான் கயிற்றை உள்ளே விட்டு பிஸ்டனை மேலே ஏற்றி நிறுத்தினேன். காற்றழுத்தம் வைத்துச் செய்பவர்களும் உண்டு, எனக்குக் கயிறுதான் நிம்மதி. கேம் மூடிகளின் 6 மிமீ போல்ட்டுகளுக்கு 9.8 நியூட்டன் மீட்டர்தான். சின்ன டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது, அலுமினியத் தலையில் மரை போனால் கதை வேறு. வால்வு இடைவெளி இன்டேக் 0.17 மிமீ, எக்ஸாஸ்ட் 0.19 மிமீ. வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, ஞாயிறு காலை ஏழு மணிக்கு எஞ்சின் நன்றாக ஆறியிருந்தபோது வைத்தேன்.

சிக்கல் இதற்குப் பிறகு வந்தது.

கிராங்க் புல்லியை (பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் சக்கரம்) கழற்றாமல் வேலையை முடிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அந்தப் போல்ட்டைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தி, கேம் கியரிலிருந்து மட்டும் டைமிங் பெல்ட்டை (கிராங்கையும் கேமையும் இணைப்பது) எடுத்திருந்தேன். திரும்ப மாட்டும்போது பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் புல்லியின் வெள்ளைக் கோட்டை முள்ளுக்கு நேராக வைத்தேன். வெள்ளைதான், சிவப்பு இல்லை. சிவப்பு பற்றவைப்புக்கு. கேம் இரண்டையும் 5 மிமீ ஊசி போட்டு நிறுத்தி, பெல்ட்டை மாட்டி, டென்ஷன் கொடுத்து, இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தால், கேம் கியர் குறிகள் இரண்டும் ஒரே அளவு தாண்டி நின்றன. ஒரு பல் மாற்றினால் அந்தப் பக்கம் அதிகமாகப் போகிறது. சரி, அட்ஜஸ்ட் செய்யும் கியர்தானே போட்டிருக்கிறோம் என்று இரண்டையும் மூன்றரை டிகிரி பின்னால் தள்ளிக் குறியில் சேர்த்தேன். தலையைத் துளி சீவியிருப்பார்கள், பெல்ட் புதுசு என்று அப்போது காரணமும் கண்டுபிடித்துவைத்தேன்.

வண்டி ஸ்டார்ட் ஆனது, ஐடிலும் நின்றது. ஆனால் கீழ்வேகத்தில் உயிரே இல்லை. தெம்பனிஸில் பல மாடி வாகன நிறுத்தத்தின் சரிவில் முதல் கியரில் இரண்டு தடவை நின்றுவிட்டது. பற்றவைப்பை டைமிங் லைட்டால் பார்த்தேன், சரியாக 16 டிகிரி. வால்வு இடைவெளியை மறுபடி பார்த்தேன், சரி. கம்ப்ரெஷன் பார்த்தேன். முன்பு நான்கு சிலிண்டரின் அழுத்தமும் 190 பிஎஸ்ஐ பக்கத்தில் இருந்தன, இப்போது நான்கும் 175 பக்கத்தில். இங்கே யோசிக்க வேண்டும். வளையமோ வால்வோ கசிந்தால் ஒன்றோ இரண்டோ குறையும். நான்கும் சமமாகக் குறைந்தால் இன்டேக் வால்வு தாமதமாக மூடுகிறது, உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். கேம் மாற்றியதால் கொஞ்சம் குறையலாம், ஆனால் டைப் ஆரின் கீழ்வேக லோப் அவ்வளவு மாறுபட்டதில்லை.

நான் ஞாயிறுகளில் இடம் வாங்கிக்கொள்ளும் பட்டறையில் ஓர் அண்ணன் இருக்கிறார், ஹோண்டா எஞ்சின்களிலேயே முப்பது வருடம் ஓட்டியவர். கோப்பிக் கடையில் கோப்பி-ஓவை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “தம்பி, புல்லி மாத்துனியா?” இல்லை என்றேன். “அப்ப உன் வெள்ளைக் கோடு எங்கே இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அவர் சொன்னது இதுதான். பி சீரிஸ் புல்லி இரண்டு துண்டு. நடுவில் கிராங்கில் உட்காரும் குடம், வெளியே வளையம், இரண்டுக்கும் நடுவே அதிர்வு வாங்கும் ரப்பர். குறிகள் எல்லாம் வெளி வளையத்தில். ரப்பருக்கு இருபத்தைந்து வயதானால், எண்ணெயும் குடித்திருந்தால், வளையம் மெல்ல நழுவும். கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் வராது. குறி மட்டும் இடம் மாறியிருக்கும்.

இரண்டாம் ஞாயிறு முழுக்க உண்மையான டிடிசியை, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்தைத் தேடினேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பிளக் துளையில் டயல் கேஜ் தண்டை விட்டு முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதாதா என்று நானும் கேட்டேன். போதாது. பி16ஏவின் ஸ்ட்ரோக் 77.4 மிமீ. அவ்வளவு தூரம் ஓடும் பிஸ்டன், உச்சியில் கிராங்க் ஒரு டிகிரி திரும்பினாலும் 0.01 மிமீகூட நகராது. ஏழு டிகிரி திரும்பினால்தான் 0.37 மிமீ. உச்சியில் நின்று உச்சியைத் தேடினால் கிடைக்காது. சரிவில் இரண்டு பக்கமும் அளந்து நடுவை எடுக்க வேண்டும். அதற்குத்தான் பிளக் துளையில் முறுக்கி, பிஸ்டனை வழியிலேயே தடுக்கும் பிஸ்டன் ஸ்டாப்.

கடையில் விற்பது இந்தத் தலைக்கு நீளம் போதவில்லை. பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, உள்ளே மரை போட்டு நீளமான போல்ட்டை முறுக்கி நானே செய்தேன். போல்ட்டின் முனையை அரம் போட்டு உருண்டையாக்கினேன், பிஸ்டன் தலையில் கீறக் கூடாது. இடது முன் சக்கரத்தைக் கழற்றி, புல்லியில் டிகிரி வட்டை ஒட்டி, வெல்டிங் கம்பியில் முள் செய்து, வெள்ளைக் கோடு நேராக நிற்கும்போது வட்டைப் பூஜ்யத்தில் வைத்தேன். பிளக் நான்கும் வெளியே. கையால் மெதுவாக, இந்த எஞ்சின் சுற்றும் திசையில், அதாவது கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றினேன். ஹோண்டாவுக்குப் புதியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். முன்னோக்கிச் சுற்றுவது கிராங்க் போல்ட்டைக் கழற்றும் திசையும்கூட, அதனால் பிளக்கை எடுத்து எஞ்சினை இலகுவாக்கிய பிறகுதான் ராட்செட்டைத் தொட வேண்டும்.

பிஸ்டன் ஸ்டாப்பைத் தொட்டது: பூஜ்யத்துக்கு முன் 41 டிகிரி. பிறகு மறுபக்கம். பின்னோக்கிச் சுற்றினால் பெல்ட் தளர்ந்து பல் தாண்டலாம் என்பதால் டென்ஷனர் போல்ட்டை இறுக்கிவைத்து, அவசரமில்லாமல் சுற்றினேன். தொட்டது: பூஜ்யத்துக்குப் பின் 27 டிகிரி.

உண்மையான பூஜ்யமாக இருந்தால் இரண்டும் 34 வந்திருக்க வேண்டும். வித்தியாசத்தில் பாதி, ஏழு. வெள்ளைக் கோடு முள்ளுக்கு நேராக வரும்போது பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஏழு டிகிரி இறங்கிவிட்டது. நம்பாமல் ஸ்டாப்பின் உயரத்தை மாற்றி மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் ஏழு, அரை டிகிரி அப்படி இப்படி.

கிராங்கில் ஏழு டிகிரி, கேமில் மூன்றரை. பெல்ட் முதலில் மாட்டியபோது சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. நான் கியரில் செய்த ‘திருத்தம்’ இரண்டு கேமையும் தாமதப்படுத்திவிட்டது. அதோடு, டைமிங் லைட்டும் அதே புல்லியைத்தான் படிக்கிறது. அது 16 என்று காட்டும்போது பற்றவைப்பு உண்மையில் 9. பற்றவைப்பு தாமதமானால் எஞ்சின் சூடாகும். இரண்டு வருடமாக எஸ்பிளனேட் பக்கம் நெரிசலில் நின்றால் வண்டி ஏன் சூடாகிறது என்று ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஃபேன் எல்லாம் மாற்றினேனே, அதற்கும் இப்போதுதான் பதில் கிடைத்தது.

மூன்றாம் ஞாயிறு, புல்லி. 177 நியூட்டன் மீட்டரில் இறுக்கும் போல்ட், இத்தனை வருடத்தில் இன்னும் இறுகியிருந்தது. இம்பாக்ட் கன் கால் மணி நேரம் அடித்தும் அசையவில்லை. 50 மிமீ அறுகோணப் பிடியைப் புல்லிக்குள் மாட்டி, அதன் கையைத் தரையில் ஊன்றி, பிரேக்கர் பாரில் ஒன்றரை மீட்டர் குழாயை மாட்டி, நானும் அண்ணனும் சேர்ந்து அழுத்தியபோது வெடிச்சத்தம் மாதிரி ஒன்று கேட்டு, போல்ட் விட்டுக்கொடுத்தது. பழைய புல்லியின் ரப்பரை விரலால் சுரண்டினேன், பிசுபிசுத்துக் கையோடு வந்தது. கிராங்க் பல்சக்கரத்தின் குறியை ஆயில் பம்பின் அம்புக்குறிக்கு நேராக வைத்துப் பார்த்தேன். பிஸ்டன் ஸ்டாப் சொன்ன இடமும் அதுவும் ஒன்றாக நின்றன. புதிய அசல் புல்லி போட்டு மறுபடி அளந்தேன்: 34, 34. கேம் கியர் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பற்றவைப்பை 16இல் வைத்து, கம்ப்ரெஷன் பார்த்தால் நான்கும் 185க்கு மேல்.

பி சீரிஸ் வைத்திருக்கும் நண்பர்கள் டைமிங் பெல்ட் மாற்றும்போது புல்லியையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். விலையைப் பார்த்துத் தள்ளிப்போட வேண்டாம். மாற்றாதவர்கள் ஸ்டாப்பை வைத்து ஒரு தடவையாவது அளந்துபாருங்கள், என் ஸ்டாப்பை இரவல் தருகிறேன்.

ஈசியூ (எஞ்சினை நடத்தும் கணினி) இன்னும் அசல்தான். அதை நம் விருப்பப்படி மாற்ற உதவும் ஹோண்டாட்டா எஸ்300 போட, பழைய ஓபிடி1 தலைமுறை ஈசியூவும் இணைப்பு வயரும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதன் பிறகு டைனோ (எஞ்சின் திறனை அளக்கும் மேடை), அதன் பிறகு மலேசியாவின் செப்பாங் பந்தயப் பாதை. 5.543 கிமீ சுற்றில் அந்த நீளமான நேர்பாதையில் 8000 வரை இழுத்துப் பார்க்காமல் இந்தக் கேமைப் பற்றி முழுசாக எதுவும் சொல்ல முடியாது. துவாஸ் வழியாகப் போவதா உட்லண்ட்ஸ் வழியா என்பதுவரை அண்ணனோடு பேசியாகிவிட்டது. எல்லை தாண்ட முக்கால் டேங்க் இங்கேயே நிரப்பிக்கொண்டு போக வேண்டும், அது எப்படியும் 98 ஆக்டேன் பெட்ரோல்தான்.

அதற்கு முன் எக்ஸாஸ்ட் கேம் சீலில் ஒரு கசிவு தெரிகிறது. நேற்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன், பெல்ட் பக்க உறையின் உள்ளே ஒரு துளி. சீலை உள்ளே தள்ளும்போது கோணலாகப் போயிருக்கலாம், இல்லை முதல் மூடியின் ஓரத்தில் சீலண்ட் குறைந்திருக்கலாம். புது சீல் வியாழக்கிழமை வருகிறது. அதுவரை வண்டியை எடுக்கவில்லை, எம்ஆர்டி ரயில்தான்.